வேதக்கோயிலுக்கு வெளியே: நெல்லைச் சீமை வாலிபர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் ஊர் கிறிஸ்தவ ஆலய வராந்தாவில் வாலிபர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன்; ஓய்வுநாள் பள்ளியில் இன்னும் பாடம் எடுக்கிறேன். அந்த வராந்தாவில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். கத்தோலிக்கர்களும் பெந்தெகொஸ்தே சபையாரும் சிலவற்றுக்கு வேறு சொல் வழங்குவார்கள். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன். விசுவாசத்தை அடுக்களையிலும் தெருவிலும் தேடச் சொல்வது எதற்கு?

இயேசு அங்கேதான் அதை வைத்துவிட்டுப் போனார். அவர் சொன்ன உவமைகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். விதைக்கிறவன், வலை, விளக்குத்தண்டு, காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடி வீட்டைப் பெருக்கும் பெண், மூன்று படி மாவில் புளித்த மாவை அடக்கிவைத்த இன்னொரு பெண். இவற்றைப் புரிந்துகொள்ள வேதபாடசாலைப் படிப்பு வேண்டியதில்லை. இட்லிக்கு மாவு ஆட்டி, கையால் கலக்கி, மூடிவைக்கிற எந்த அம்மாவுக்கும் அந்தப் புளித்த மாவு உவமை தெரியும். மார்கழிக் குளிரில் மாவு பொங்காமல் அப்படியே கிடக்கும். பானையை அடுப்பங்கரையில் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பொங்க வைப்பது நம் கையில் இல்லை. காத்திருப்பதும் சூடு கொடுப்பதும்தான் நம் வேலை. பரலோக ராஜ்யத்தைப் பற்றி நான் கேட்ட நல்ல பிரசங்கங்களில் ஒன்றை இப்படித்தான் என் தாயார் எனக்குச் சொன்னார். அவர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர்.

'கைப்பிடி அரிசி' என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அது என்ன?

இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் சொல்வேன், ஏனென்றால் நம் சீமையின் விசுவாசத்தை எனக்கு முதலில் காட்டியது அதுதான்.

உலை வைப்பதற்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுவது வழக்கம். அது கர்த்தருக்கு. வாரக் கடைசியில் எல்லா வீட்டு அரிசியும் ஆலயத்துக்கு வரும். விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். என் ஆச்சி வீட்டில் அதற்கு ஒரு பழைய பால்மாவு டின் இருந்தது. மூடி துருப்பிடித்து இறுகிக்கிடக்கும். இடது கையால் டின்னை இடுப்போடு அணைத்து, வலது கைக் கட்டைவிரலால் நெம்பித் திறப்பாள். 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் சோறு ஆகப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும். கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, பிடியை உள்ளே விடுவாள். ஒரு பஞ்ச காலத்தில் வீட்டில் குருணைதான் இருந்தது. அன்றைக்கும் டொக் என்று சத்தம் வந்தது. "குருணையைப் போய்க் கடவுளுக்குப் போடுகிறாயே ஆச்சி" என்று நான் கேட்டேன். "நாம் தின்பதைத்தானே கொடுக்க முடியும், ஐயா" என்றாள்.

சாறிபாத் ஊர் விதவையின் கதை உங்களுக்குத் தெரியும். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதிலும் தீர்க்கதரிசி எலியாவுக்கு முதல் அடை. அந்த அதிகாரத்தை எப்போது வாசித்தாலும் எனக்கு அந்தப் பால்மாவு டின் கண்ணில் வருகிறது.

1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது, வெளிநாட்டுப் பணம் இல்லாமல் நம் மக்களின் காணிக்கையைக் கொண்டே நம் மக்களை ஊழியத்துக்கு அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். அதன் முன்னோடிகளில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-ல் தெலுங்கு நாட்டில் உள்ள தோர்ணக்கலின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் என்ற பெயர் பெற்றார். தெலுங்கு நாட்டுக்குச் சென்ற ஊழியத்தைச் சுமந்ததில் பணக்காரர்களின் பங்கைவிட இப்படிப்பட்ட அடுக்களைகளின் பங்கை நான் பெரிதாக நினைக்கிறேன்.

சினிமா பார்ப்பது பாவமா?

என் இளமையில் எங்கள் வீட்டில் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. இன்றைக்கு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு சினிமாக் கொட்டகை இருக்கிறது. அந்தப் பதில் யாரையும் தடுக்கவில்லை, யாருக்கும் வழியும் காட்டவில்லை. அப்போஸ்தலர் பவுல் அத்தேனே பட்டணத்தில் செய்ததைப் பாருங்கள். ஊர் முழுக்கச் சிலைகளைக் கண்டு அவர் மனம் கொதித்தது உண்மை. ஆனால் பேச எழுந்தபோது அந்த ஊர்க்காரர்களுடைய புலவர்களின் அடியையே எடுத்துச் சொன்னார். அவர் அந்தப் பாட்டுகளைக் கேட்டிருக்கிறார், மனத்தில் வைத்திருக்கிறார், எது மெய், எது பொய் என்று பிரித்திருக்கிறார். நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். திரையில் திருநெல்வேலி வந்தால் கூடவே அரிவாள் வரும். கதாநாயகன் இருபது பேரை வெட்டிச் சாய்ப்பான், கொட்டகை விசில் அடிக்கும். நம் ஊர் அரிவாள் எதற்கு என்று எழுந்து போய்ப் பாருங்கள். பனையேறி இடுப்பில் அரிவாள்பெட்டி கட்டி, காலையும் மாலையும் பாளை சீவுகிறார். வாழைத்தார் வெட்ட, நெல் அறுக்க, வேலிக்கு முள் வெட்ட அரிவாள். ஏசாயா இரண்டாம் அதிகாரத்தை நம் தமிழ் வேதாகமத்தில் வாசித்தால், மனிதர்கள் பட்டயங்களை மண்வெட்டிகளாகவும் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள் என்று இருக்கிறது. தீர்க்கதரிசியின் கண்ணில் அரிவாள் என்பது ஆயுதம் செத்து உழவுக்கருவியாக உயிர்த்தெழுந்த வடிவம். சினிமா அதைத் திரும்பவும் ஈட்டியாக்குகிறது. கெத்செமனேயில் பேதுரு வீசிய பட்டயம் மல்குஸ் என்ற வேலைக்காரனின் காதை வெட்டியது. கைதாகப் போகிற நேரத்திலும் இயேசு அந்தக் காதைத் தொட்டுச் சுகமாக்கினார். விசில் அடிக்கும் முன் அந்தக் காதை நினையுங்கள் என்று வாலிபர்களிடம் சொல்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. வீட்டைவிட்டு ஓடிய மகன் திரும்பி வரும்போது வாசலில் நிற்கிற தகப்பனைத் தமிழ் சினிமா எத்தனை முறை காட்டியிருக்கிறது! இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, லூக்கா பதினைந்தாம் அதிகாரத்துக்காகத்தான் அழுகிறார்கள். ஆனால் உவமையில் தகப்பன் வெளியே வந்து மூத்த மகனையும் கெஞ்சுகிறார். அந்த மூத்தவனைச் சினிமா பெரும்பாலும் மறந்துவிடுகிறது. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருகிற நம்மில் பலரும் அந்த மூத்தவன்தான்.

படங்களில் வரும் கிறிஸ்தவர்கள் ஏன் நம்மைப்போல் இல்லை?

வெள்ளை கவுன், பாதி ஆங்கிலம், கையில் கோப்பையோடு ஒரு தகப்பன். ஞானமுத்துவும் கோயில்பிச்சையும் அன்னக்கிளியும் எங்கே? நம் கல்யாணத்தில் பெண் வெள்ளை அல்லது சந்தன நிறப் பட்டுச்சேலை உடுத்தி, தலையில் வலை போட்டு வருகிறாள். கழுத்தில் ஏறுவது தாலி. அதில் சிலுவையோ புறாவோ பொறித்திருக்கும். அதற்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் 'ஓலை வாசிக்கிறார்கள்'. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்ற அறிவிப்பு. ஓலை போய்க் காகிதம் வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. சொல் மட்டும் பனையிலிருந்து இறங்க மறுக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

நம்மை 'வேதக்காரர்' என்றும் ஆலயத்தை 'வேதக்கோயில்' என்றும் சுற்றுவட்டாரத்து இந்துக்கள் சொல்வதும், போதகரை நாமே 'ஐயர்' என்று அழைப்பதும் இப்படித்தான் இந்த மண்ணோடு கலந்தவை. படம் எடுக்கிறவர் யாராவது ஒரு வாரம் மெய்ஞ்ஞானபுரத்திலோ இடையன்குடியிலோ வந்து தங்கினால் போதும்.

கீர்த்தனையா, கிதார் பாட்டா? எங்கள் சபையில் இதில்தான் சண்டை.

இது பழைய சண்டை. 1774-ல் பாளையங்கோட்டையில் பிறந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். பின்னாளில் தஞ்சையில் வாழ்ந்தார். அவர் காலத்தில் மக்கள் கூடி ரசித்த கலைவடிவங்களில் ஒன்று குறவஞ்சி. நம் தென்காசிப் பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலநாதர் மேல் பாடிய குறவஞ்சி ஊரெல்லாம் ஆடப்பட்டது. சாஸ்திரியார் அந்த வடிவத்தையே எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறி சொல்லும் குறத்தியையும் வலை வீசும் சிங்கனையும் தள்ளிவிடவில்லை. அவர்களையே நற்செய்தி சொல்ல வைத்தார். இன்றைக்கு நம் முதியவர்கள் 'பரிசுத்தமான பழைய பாட்டு' என்று போற்றும் கீர்த்தனைகள் ஒரு காலத்தில் அந்தக் காலத்துக் கச்சேரி மெட்டுகள்தாம்.

கரையிருப்பில் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கிலேயரான ஜான் பனியன் எழுதிய பயணக் கதையை அவர் தமிழில் தந்தபோது வரிக்கு வரி பெயர்க்கவில்லை. கம்பனைப் படித்த காதோடு, விருத்தப்பாவில், ஒரு காப்பியமாகவே பாடினார். 1894-ல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' அதுதான். கிறிஸ்தவராவதற்காக அவர் கம்பனை மறக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே கிதார் வரட்டும். எனக்கு இரண்டே வருத்தங்கள். ஒன்று, கருவிகளின் சத்தத்தில் முன்வரிசைப் பாட்டிகளின் குரல் கேட்காமல் போவது. மற்றொன்று, ஓடுகிற சினிமாப் பாட்டு மெட்டில் வசனத்தைச் செருகுவது. அந்த மெட்டு காதில் விழுந்ததும் படத்தின் காட்சி ஓடுகிறதே தவிர வசனம் நிற்பதில்லை. கிறிஸ்துமஸ் பஜனைக்குப் புது மெட்டுப் போடத் தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். வில்லுப்பாட்டு நம் சீமையின் சொத்து. யோசேப்பின் கதையை வில்லில் பாடினால் விடிய விடியக் கேட்கலாம்.

நான் செய்வது கூலி வேலை. அதற்கும் விசுவாசத்துக்கும் என்ன தொடர்பு?

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து நம் பக்கத்தில் பதநீர்க் காலத்தோடு சேர்ந்து வரும். குருத்தோலை ஞாயிறன்று நாம் கையில் பிடிக்கும் ஓலையை வெட்டித் தருகிறவர் அன்று விடியற்காலையிலும் மரம் ஏறிவிட்டுத்தான் வருகிறார். மாரில் தடம், உள்ளங்காலில் காய்ப்பு. கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்தால் பதநீர் கள்ளாகிவிடும். ஒரு நாள் பாளை சீவாவிட்டால் சுரப்பு நின்றுபோகும். அந்த உண்மையும் ஒழுங்கும் வழிபாடுதான் என்று நான் நம்புகிறேன். நம் சபைகளைக் கட்டியதில் கருப்பட்டி விற்ற காசுக்குப் பெரிய பங்கு உண்டு.

பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற விதவை 1785-ல் கட்டிய சிறிய ஆலயம் இன்றும் இருக்கிறது. ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். அவர் பெயரால் ஒரு கிணறும் சொல்லப்படுகிறது. ஆலயம் கட்டியவர் என்பதோடு, தண்ணீருக்கு வழி செய்தவர் என்றும் ஒருவரை ஊர் நினைவில் வைத்திருப்பது எனக்கு மிகவும் நிறைவாக இருக்கிறது.

பக்கத்து வீட்டார் பண்டிகைப் பலகாரம் தந்தால் வாங்கலாமா?

வாங்குங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் முறுக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். படைத்ததைப் பற்றி உங்கள் மனச்சாட்சி உறுத்தினால் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் எட்டாம் அதிகாரத்தை வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் வாசலில் தட்டோடு நிற்கிற அக்காவின் முகம் வாடும்படி ஒரு சொல் சொல்லிவிடாதீர்கள். உவரி அந்தோணியார் கோயிலுக்கு எத்தனை இந்துக் குடும்பங்கள் போய்வருகின்றன என்று தெரியாதவர்கள் இந்தச் சீமையில் இல்லை.

வேதக்காரர்களுக்குள்ளும் சாதி இருக்கிறதே. பிறகு எதற்கு இந்த விசுவாசம்?

கேட்கிற பிள்ளையின் கண்ணைப் பார்த்து மழுப்ப முடியாத கேள்வி இது. இருக்கிறது. கல்யாணத்தில் இருக்கிறது, சபைத் தேர்தலில் இருக்கிறது, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் இருக்கிறது. வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய ஆலயத்தில் சாதி பார்த்துப் பிரித்து உட்காரவென்றே இரண்டு நீண்ட மண்டபங்களும் நடுவில் தடுப்பும் இருந்தன. 1910-ல் குருக்கள் அந்தத் தடுப்பை இடித்தார்கள். பிரிவினை எங்கள் உரிமை என்று சிலர் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதே வடக்கன்குளத்தில்தான் 1745-ல், பின்னாளில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார் என்பதும் அவர் மேல் வந்த பகைக்கு ஒரு காரணம். 2022-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஒரே ஊரில் சுவரும் இருந்தது, சாட்சியும் இருந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது. அந்த வாரம் எங்கள் வராந்தாவில் இருந்த ஒரு பையன் கையிலும் கயிறு இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. ஏசாயா இரண்டாம் அதிகாரத்தை அவனையே வாசிக்கச் சொன்னேன். 'அரிவாள்களாகவும்' என்ற சொல்லில் நின்றுவிட்டான். மறுவாரம் கயிறு இல்லை. அவன் வீட்டில் இன்னும் என்னோடு பேசுவதில்லை, பரவாயில்லை.

அசனத்தைப் பற்றியும் இங்கேயே சொல்கிறேன். ஆலயப் பண்டிகையில் ஊர் கூடிச் சமைத்து ஊர் கூடி உண்பதை 'வெறும் சாப்பாடு' என்று சில படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள். முந்தின இரவு இரண்டு மணிக்கு அண்டாவுக்கு அடியில் விறகு தள்ளிப் பாருங்கள். புகையில் கண் எரிய, கத்தரிக்காய் அரிகிறவரும் கறி வெட்டுகிறவரும் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. கொரிந்து சபையில் முந்தி வந்தவன் வயிறாரத் தின்ன, பிந்தி வந்தவன் பட்டினி கிடந்தான் என்பதற்காகவே பவுல் அத்தனை கோபப்பட்டார். ஒரே பந்தியில் யாரும் யாரோடும் உட்காருவது நடந்தால் அசனம், ஆலயத்தில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. நடக்கவில்லை என்றால், அண்டாவைக் கவிழ்த்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

கைப்பேசியில் தினமும் வசனம் அனுப்புகிறேன். அது ஊழியம்தானே?

அனுப்புங்கள். ஆனால் நூறு பேருக்கு அனுப்பும் நேரத்தில் ஒருவரைக் கூப்பிட்டு "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் நான் அதிகம் மகிழ்வேன். 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாட்டில் பேசிய நம் அசரியா, உங்கள் தியாகத்துக்கு நன்றி, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார்.

2023 வெள்ளத்தில் கடவுள் எங்கே இருந்தார்?

இதைக் கேட்டவள் பிளஸ் டூ படிக்கும் பெண். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. அவள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். குடிலுக்கு வாங்கிவைத்த பொம்மைகளும் பாடப்புத்தகங்களும் போய்விட்டன.

எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்களைப்போல் விளக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழு நாள் அவர்கள் யோபுவோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்கள் செய்ததில் சரியானது அது ஒன்றுதான். நாங்களும் அன்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

பிறகு அவளே ஒன்று சொன்னாள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கி, நூற்றுக்கணக்கானோர் இரண்டு நாள் உள்ளே கிடந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர்மக்கள், தங்கள் வீடுகளிலேயே வெள்ளம் புகுந்திருந்தும், இருந்த அரிசியைத் திரட்டிக் கோயிலில் பொங்கிப் பயணிகளுக்குப் போட்டார்கள். "அவர்கள் வேதக்காரர்களா என்று கூடத் தெரியாது, ஐயா" என்றாள்.

எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தவனும் சமாரியன்தானே அம்மா என்றேன். அந்த வாரம் எங்கள் ஆலயத்தில் சேர்ந்த அரிசியை விற்கவில்லை. அவள் தெருவுக்கே கொண்டுபோய் உலை வைத்தோம். களைவதற்கு முன் அவள் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்ததைப் பார்த்தேன்.